சின்ன ஆளுக்குப் பெரிய கவசம்

அக்கா,

நேற்று மேல்மாடி அறையை வாடகைக்குப் பார்க்க ஒருவர் வந்தார். வங்கியொன்றுக்கு மாற்றலாகி மாத்தளைக்கு வருகிறாராம். உம்மா யன்னல்களைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மேசையிலிருந்த ஒரு சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, குழந்தைக்குத் தச்ச சட்டையா?" என்று கேட்டார். உங்கள் கம்ப்யூட்டர் மவுஸ். உம்மா பழைய ஃபிளானல் துணியில் தைத்துப் போட்ட உறையோடு அப்படியே இருந்தது. நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். உண்மையாகவே பிடுங்கினேன். மனிதர் வெலவெலத்துப்போய், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இனி வரமாட்டார்.

"எனத்துக்கு புள்ள இப்புடிச் செய்ற? அந்த மனுசன் என்ன நெனச்சிருக்கும்?" என்று உம்மா ஏசினார். பிறகு என் கையிலிருந்த உறையைப் பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து உங்கள் விரல்களை என்ன செய்தது என்று உம்மாவுக்குத் தெரியும். குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஊசியாகக் குத்தும். மற்ற நேரத்தில் நுனியில் உணர்ச்சியே இருக்காது. இந்த ஊர்க் காலைக் குளிருக்கே ஒரு மவுஸை உங்களால் பிடிக்க முடியவில்லை என்று கண்டுதான் அவர் அந்த உறையைத் தைத்தார். எதற்காக அதைப் பிடிக்க அத்தனை பாடுபட்டீர்கள் என்று மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது. அலுவலக வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களைப் போல் அமைதியான ஒருவர், தெரியாத ஊர்களிலிருக்கும் தெரியாத ஆட்களை வாளால் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார் என்று நான் அவரிடம் எந்த வாயால் சொல்வது?

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில் நான் ஒருவரோடும் பேசுவதில்லை. கலியாணம் முறிந்து திரும்பி வந்திருந்தேன். பகலில் வாப்பாவின் கடையில் கராம்பும் சாதிக்காயும் தரம் பிரிப்பேன். பின்னேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் சண்டை பிடிப்பேன். அதுதான் என் முழு வாழ்க்கை. வடக்கிலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த ஒரு அக்கா மேலே தங்கப் போகிறார், தினமும் யட்டவத்தைக்கு பஸ்ஸில் போய் வருவார் என்று வாப்பா சொன்னபோது, இன்னொரு புத்தி சொல்கிற ஆள் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்த முதல் கிழமையே ஒரு பின்னேரம் மேலேயிருந்து கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. என் விளையாட்டில் எதிராளியை விழுத்தினால் ஊதுகிற அதே கொம்பு. என் கம்ப்யூட்டரோ அணைந்து கிடந்தது. நான் படியேறி வந்து கதவைத் தட்டினேன். நீங்கள் அலுவலகச் சேலையைக்கூட மாற்றாமல் கதிரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தீர்கள்.

"நீங்களும் இத விளையாடுறீங்களா?" என்றேன்.

"ஏன், உம்மட கண்ணுக்கு நான் பூப்பறிக்கிற ஆள் மாதிரித் தெரியிறனோ?" என்றீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் ஒரு ஆள் கிடைத்தது. வயதில் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா. மற்றபடி வாய்க்கு வாய் சண்டைதான். தமிழ் பேசுகிறவர்களுக்கென்று விளையாட்டுக்குள் ஒரு குழு தொடங்கினோம். மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆசிரியை, கட்டாரில் வேலை செய்யும் இரண்டு பேர், ஹட்டனில் ஒரு தையல்காரர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். நீங்கள் தலைவி, நான் துணை.

நம் முதல் பெரிய சண்டை ஞாபகம் இருக்கிறதா? அந்த விளையாட்டில் ஒரு நல்ல வாளோ கவசமோ சம்பாதிக்கத்தான் மேல் லெவலுக்கு ஏற வேண்டும். போட்டுக்கொள்ள லெவல் தேவையில்லை. மேலே இருக்கிற ஒருவர் விரும்பினால், நேற்று வந்த புதியவருக்குத் தன்னிடமுள்ள முழு செட்டையும் தூக்கிக் கொடுத்துவிடலாம். அதைப் போட்டுக்கொண்டு அவர் புதியவர்களின் களத்துக்குள் போனால் எதிரே நிற்பவர்கள் ஒரே அடியில் விழுவார்கள். நீங்கள் குழுவுக்கு முதல் சட்டமாக அதைத் தடை செய்தீர்கள். சொந்தமாக ஏறாத யாருக்கும் பெரிய செட் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டு பேரும் வெளியே.

நான் விடவில்லை. நான் கடைக்காரன் மகள். என் சாமானை நான் யாருக்குக் கொடுத்தால் யாருக்கென்ன? பெருநாளன்று பெரிய தட்டைச் சுற்றி நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சஹன் சாப்பிட்டபோது, உம்மா தன் பக்கத்துக் கோழித் துண்டுகளை எல்லாம் உங்கள் பக்கம் தள்ளித் தள்ளி விட்டார். "தின்னுங்க புள்ள, சும்மா பாத்துட்டு ஈக்கிறீங்க" என்றார். நீங்கள் "காணும் அன்ரி, காணும்" என்று கெஞ்சினீர்கள். எனக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது.

"பாத்தீங்களா? பலமான ஆள் பலமில்லாத ஆளுக்குத் தள்ளி விடுறது. இது அநியாயமா?" என்றேன்.

நீங்கள் மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்: "இது சாப்பாடு. நான் ரெண்டு துண்டு கூடச் சாப்பிட்டா நீர் சாகமாட்டீர். அங்க நீர் ஒருத்தனுக்குக் குடுக்கிற வாள் இன்னொருத்தன்ர கழுத்திலதான் விழும். தாறது நீர், வாங்கிறது அவன். அடி மட்டும் மூண்டாம் ஆளுக்கு."

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு மாற்றம் கேட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தீர்கள். அம்மா அங்கே தனியாக இருந்தார். உங்களுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, யாரையோ பிடித்து யாரிடமோ சொல்லி, உங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தாள். உங்களுக்கும் அப்படிச் சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். வாப்பாவே ஒருவரைத் தெரியும் என்றார். "வேண்டாம் அங்கிள். என்ர முறை வரும்" என்றீர்கள். எனக்கு அப்போது உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. முறையாம் முறை. வரவேயில்லையே அக்கா.

அதற்குப் பதிலாக வந்தது வயிற்று வலி. கொழும்புப் பக்கத்துப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வந்தீர்கள். ஊருக்குப் போய்விடச் சொல்லி உங்கள் அண்ணன் வற்புறுத்தினார். சிகிச்சை முடியட்டும், அம்மா இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்று மறுத்துவிட்டீர்கள். எங்கள் வீட்டிலிருந்தே மருந்து ஏற்றப் போனீர்கள். வாப்பா வேன் பிடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஆள் பாதியாகி வந்தீர்கள். குழுவில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தீர்கள். வேலை அதிகம், அதனால் வரமுடியவில்லை என்று நான்தான் எல்லோரிடமும் பொய் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் "சின்னக்குட்டி" வந்தாள்.

புதியவர்களின் களத்தில், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்ன லெவல்காரி. பெயர் சின்னக்குட்டி. யார் வந்தாலும் ஒரே வெட்டு. விழுந்தவர்கள் எழுந்து வந்தால் மறுபடியும் வெட்டு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து என்னிடம் முறையிட்டார்கள். அவர்களில் அதிகமாக அடி வாங்கியவர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு முதலாளியிடம் தராசில் நிறுவை பார்க்கும் மனிதர். விளையாட்டில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கத்தரிக்காய். லொறிக்குச் சாமான் ஏற்றும் இடைவெளியில் போனை எடுத்து ஆடுவார். அவர் பேசும்போது பின்னால் எப்போதும் லொறி ஹோர்ன் கேட்கும்.

"அக்கா, எவளோ ஒருத்தி பெரிய ஆளுங்க சாமானையெல்லாம் மாட்டிக்கிட்டு வந்து சின்ன ஆளுங்கள அடிக்கிறா. நா எந்திரிச்சு நிக்கக்கூட விடமாட்டேங்கிறா. ஒங்க குழுவுல இதுக்கெல்லாம் சட்டம் இருக்குன்னு சொன்னீங்களே?" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். சின்னக்குட்டியின் கையிலிருந்த வாள் எனக்குத் தெரிந்த வாள். அதைச் சம்பாதிக்க நாம் இரண்டு பேரும் ஒரு மழைக்காலம் முழுவதும் பாடுபட்டோம். நம் குழுவில் அது உங்களிடம் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு ஆள் விழும்போதும் என் தலைக்கு மேல் மாடியில் கொம்பு ஊதியது.

படியேறி வந்தேன். நீங்கள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, ஃபிளானல் உறையின் மேல் கையை வைத்தபடி இருந்தீர்கள்.

"சின்னக்குட்டி நீங்கதானே? வேற பேர்ல புது ஆள் தொடங்கி ஒங்க செட்ட அதுக்குக் குடுத்தீங்களா?"

"ஓம்."

"சட்டம் போட்டதே நீங்க!"

"சட்டத்தில பிழையில்லை. நான் செய்யிறதுதான் பிழை."

"அப்ப நிப்பாட்டுங்க."

"மாட்டன்" என்றீர்கள். நீங்கள் விரல்களை விரித்துக் காட்டினீர்கள். நுனிகள் கறுத்திருந்தன. "பெரிய களத்தில நான் நிண்டா, இந்தக் கையால என்ர ஆக்கள்தான் சாவினம். நேரத்துக்கு ஒண்டையும் அமத்தேலாது. இங்க எண்டா மெதுவா அமத்தினாலும் ஆள் விழும். எனக்கு எதிரில ஆக்கள் விழ வேணும் பிள்ளை. மருந்து அடிக்குது, சாப்பிட்டதெல்லாம் சத்தியா வந்து அடிக்குது, எல்லாம் என்னைத்தான் அடிக்குது. நானும் ஒரு இடத்தில நிண்டு அடிக்கக் கூடாதோ?"

"அவங்க ஒங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

"ஒண்டும் செய்யேல்லை. எனக்கு ஆர் என்ன செய்தது? ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. ஆனா அடி விழுது."

குழுவில் சொல்லப் போகிறேன் என்றேன். "சொல்லும். என்னை வெளியில போடும். ஆனா வருத்தத்தைச் சொல்லாதேயும். சொன்னா ஆக்கள் பாவம் பார்த்து நிண்டு அடி வாங்குவினம். அதைப் போல அசிங்கம் வேற இல்லை" என்றீர்கள். நோயை நீங்கள் எப்போதும் வருத்தம் என்றுதான் சொல்வீர்கள்.

கீழே வந்து யோசித்தேன். சொன்னால் சட்டப்படி உங்களை வெளியேற்ற வேண்டும். அந்தக் கொம்புச் சத்தம் நின்றுபோன ஒரு மாடியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் கத்தரிக்காயும் மற்றவர்களும் தினமும் சாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே வழி, நான் ஆரம்பத்திலிருந்து நியாயம் என்று வாதாடி வந்த வழி. கத்தரிக்காயைக் கூப்பிட்டு என் முழு செட்டையும் அவரிடம் கொடுத்தேன். கவசம், வாள், பூட்ஸ், எல்லாம். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"எனக்கெதுக்கு அக்கா இம்புட்டு? ஒங்களுக்கு வேணாமா?" என்றார் மனிதர். விளையாட்டில் அல்ல, வாழ்க்கையிலேயே யாரும் அவருக்கு இவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

"வெச்சுக்கோங்க. அந்தச் சின்னக்குட்டிய ஒரு தரம் விழுத்திக் காட்டுங்க. அது போதும்."

மறுநாள் பின்னேரம் நான் கீழே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொம்பு ஊதவில்லை. பிறகு தோற்றால் வரும் அந்த ஒற்றை மணி, முதல் தடவையாக, மேலே அடித்தது. பிறகு தரையில் குதிக்காலால் இடித்தீர்கள். அது என்னைக் கூப்பிடும் சத்தம். ஏச்சு வாங்கத் தயாராகி ஏறி வந்தேன்.

"அது உம்மட செட்."

"ம்."

"அவனுக்கு வாள் பிடிக்கவே தெரியேல்லை. அவன் என்னை அடிக்கேல்லை. உம்மட கவசம்தான் அடிச்சது" என்றீர்கள். முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தீர்கள். சிரித்தால் வயிற்றில் வலிக்கும் என்று தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தீர்கள். "நாளைக்கும் வரச் சொல்லும் அவனை."

அதற்குப் பிறகு வந்த பின்னேரங்கள்தான் அக்கா நான் மனதில் வைத்திருப்பது. கடையை வாப்பாவிடம் விட்டுவிட்டு ஓடிவருவேன். நீங்கள் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தயாராக இருப்பீர்கள். அவர் தம்புள்ளையில் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அடிப்பார், நீங்கள் மாத்தளையில் போர்வைக்குள் இருந்து அடிப்பீர்கள். ஒரு நாள் அவர் விழுவார், ஒரு நாள் நீங்கள். மற்றப் புதியவர்களை இரண்டு பேரும் திரும்பியும் பார்ப்பதில்லை. அவரோ வாய்க்கு வந்தபடி திட்டுவார். யார் என்று தெரியாதுதானே. கிழவி, மஞ்சள் குரங்கு, கட்டையில போறவளே என்று எழுதுவார். முதல் தடவை அந்தக் கடைசிச் சொல்லைத் திரையில் கண்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. நீங்களோ சத்தமாக வாசித்துக் காட்டினீர்கள்.

"எல்லாரும் என்னோட ஆஸ்பத்திரிக் குரலில கதைக்கினம் பிள்ளை. உம்மட உம்மாவும் அப்படித்தான். நீரும் அப்படித்தான். என்னை ஒரு ஆளா நினைச்சுத் திட்டுறவன் உவன் ஒருத்தன்தான்" என்றீர்கள்.

ஆனாலும் உங்கள் வாதத்தை விட்டீர்களா? இல்லை. உடம்பு கொஞ்சம் சொன்னபடி கேட்ட ஒரு நாள், படுத்துக்கொண்டே கேட்டீர்கள்: "நான் இல்லாமல் போனா உம்மட செட் ஆரை அடிக்கும்? யோசிச்சனீரோ?"

"சும்மா இருங்க. அத அப்ப பாத்துக்கலாம்."

"இப்ப பாரும். என்னை மாதிரி ஒருத்தி எதிரில நிக்கிற வரைக்கும்தான் அது நியாயம். நான் போனதும் அது அநியாயம். அவன் நல்லவன்தான். ஆனா வாள் நல்லதில்லை. அவனிட்டை இருந்து திருப்பி வாங்கிப்போடும். செய்வீரோ?"

போகிற கதையை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் நிரப்பப் போவதுபோல் கீழே வந்துவிட்டேன்.

அண்ணன் வந்து உங்களை ஊருக்குக் கூட்டிப்போனபோது நீங்கள் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. லாப்டொப்பை என்னிடமே விட்டுவிடச் சொன்னதாக அவர் சொன்னார். போன் வந்த அன்று உம்மா கடைக்கே ஓடிவந்து அழுதார். வாப்பாவும் நானும் யாழ்ப்பாண பஸ் எடுத்தோம். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். றோட்டெல்லாம் லொறி. வெங்காய மூட்டைகளின் வாடை. அந்த இரைச்சலுக்குள் எங்கோ கத்தரிக்காய் தராசின் முன்னால் நிற்கிறார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்கூட இருக்கலாம். என் போனில் அவர் அனுப்பிய செய்தி இருந்தது: "அந்தக் கிழவி எங்கக்கா? பயந்து ஓடிருச்சா?" வாப்பா தந்த தேநீரைக் குடிக்க முடியாமல் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் வீட்டு முற்றத்தில், நான் பார்த்திராத ஒரு சிவப்புச் சேலையில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "உங்களோட இருந்தபடியாத்தான் பிள்ளை கடைசியில சிரிச்சுக்கொண்டு இருந்ததாம்" என்றார். அதை நீங்கள்தான் போனில் சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னது சொன்னபடி நடந்தது. எதிரே நிற்க ஆள் இல்லாமல் போனதும் கத்தரிக்காய் களத்தில் கண்டவர்களை எல்லாம் அடிக்கத் தொடங்கினார். நுவரெலியாவிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அழுதுகொண்டு குழுவை விட்டே போனாள். அவரைக் கூப்பிட்டு, செட்டைத் திருப்பித் தரும்படி கேட்டேன்.

"குடுத்தத திருப்பிக் கேக்குறீங்களே அக்கா, இது நல்லாவா இருக்கு?" என்றார். பிறகு குரல் கடுமையாயிற்று. "அவ என்னைய அடிச்சப்ப ஒங்க சட்டம் எங்க போச்சு? அவள ஒரு வார்த்த கேட்டீங்களா? நா அடிச்சா மட்டும் குத்தமா? இங்க நாள் பூரா எல்லாரும் என்னைய அதட்டுறாங்க. அங்க ஒரு எடத்துலதான் நா ஆளு."

அக்கா, அது அப்படியே நீங்கள் சொன்ன பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேலே உங்கள் கதிரையில் போய் உட்கார்ந்து, உங்கள் லாப்டொப்பைத் திறந்து, சின்னக்குட்டியாகக் களத்துக்குள் போனேன். அவரை அடித்து அடக்குவோம் என்றுதான் போனேன். மஞ்சள் தொப்பியைக் கண்டதும் அவர் குதித்துக்கொண்டு ஓடிவந்தார். "வந்துட்டியா கெழவி! எங்க தொலஞ்ச இவ்வளவு நாளா?" என்று எழுதினார். எழுத்திலேயே அந்தச் சந்தோஷம் தெரிந்தது. என்னால் வாளை ஓங்க முடியவில்லை. போனில் அவரை அழைத்து, இது நான், அவர் இல்லை, அவர் மௌத்தாகிவிட்டார் என்று சொன்னேன். எத்தனை காலமாக நோயோடு இருந்தார் என்றும் சொன்னேன். நீங்கள் சொல்ல வேண்டாம் என்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

"நா அவங்கள கட்டையில போறவளேன்னு திட்டினேனே அக்கா" என்றார். "வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க. சிரிச்சாங்க."

அவர் அழுதார். சந்தைக்கு நடுவில் நின்று, வளர்ந்த மனிதர், சத்தமாக அழுதார். யாரோ சிங்களத்தில் என்னவென்று கேட்பதும் கேட்டது. பிறகு, "இது எனக்கு வேணாங்க்கா. அவங்க காலடியிலயே வெச்சிர்றேன்" என்றார். திரையில் அவருடைய ஆள் சின்னக்குட்டியின் முன்னால் வந்து நின்று, ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். வாள், கவசம், பூட்ஸ். செத்த வீட்டில் மாலை வைப்பதுபோல் வரிசையாக வைத்தார். பிறகு வெறும் ஆளாக நின்று குனிந்துவிட்டு மறைந்துபோனார். அதற்குப் பிறகு அவர் விளையாட வரவேயில்லை.

தரையில் வைத்த சாமான் முதலில் எடுப்பவருக்குச் சொந்தம். இது புதிதாக வந்தவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது களமாகத் தெரியவில்லை. காலடியில் வைத்ததைக் கை நீட்டி அள்ளுவதா? நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு சின்ன லெவல்காரன் ஓடிவந்தான். பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு எழுத்தில் இருந்தது. எல்லாவற்றையும் அள்ளினான். போட்டுக்கொண்டான். திரும்பி, சும்மா நின்றுகொண்டிருந்த சின்னக்குட்டியை ஒரே வெட்டாக வெட்டினான். மஞ்சள் தொப்பி புல்லில் உருண்டது. நீங்கள் இரண்டாம் தடவை போனதை நான் உங்கள் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவன் எந்த நாடு, எந்த வயது, தெரியாது. கேட்க எனக்கு அவன் பாஷை தெரியாது. இன்றைக்கும் அந்தக் களத்தில் என் கவசத்தோடு நிற்கிறான். நம் குழுவின் புதியவர்களை நான் அந்தப் பக்கமே போக விடுவதில்லை. சின்ன ஆளுக்குப் பெரிய செட் கொடுத்தால் என்ன என்று யாராவது கேட்டால், உங்கள் சட்டத்தைச் சொல்கிறேன். சாப்பாட்டையும் வாளையும் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே, உங்கள் சொல்லிலேயே சொல்கிறேன். உடனே ஒத்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் முடியவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டால், தலையணையை அணைத்துக்கொண்டு நீங்கள் சிரித்த அந்தப் பின்னேரங்களையும் பிழை என்று சொல்ல வேண்டிவரும். அதை நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாத யாரோ அங்கே தினமும் அடி வாங்குகிறார்கள், அக்கா. வாங்கட்டும் என்றுதான் என் மனது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.